சீரோ போர் விமான மாதிரி: மட்டக்களப்பில் இருந்து செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிழக்கில் பிளாஸ்டிக் மாதிரி விமானம் செய்கிறவர்கள் அதிகம் இல்லை. ஆனால் ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் கல்லடியில் இருந்தாலும் கல்முனையில் இருந்தாலும் அநேகமாக ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதில்கள் கீழே. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து பறந்த மிட்சுபிஷி ஏ6எம்2 சீரோ, மாதிரி 21 என்ற வகையை வைத்தே எழுதியிருக்கிறேன்.

எத்தனையோ விமானங்கள் இருக்க ஏன் சீரோ?

இது எங்கள் கடலுக்கு மேல் பறந்த விமானம், அதுதான் முதல் காரணம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினார்கள். 9ஆம் திகதி திருகோணமலை. அன்றே பிரிட்டனின் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும், அதற்குத் துணையாக வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டன. ஹேர்மிஸ் இன்னும் அங்கேதான் ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. ஒரு மாதிரியைச் செய்து முடித்து, ‘இது நம்ம ஊருக்கு வந்தது’ என்று சொல்ல முடிகிற வாய்ப்பு எல்லா ஊர்க்காரருக்கும் கிடைப்பதில்லை.

இரண்டாவது காரணம், தொடங்குகிறவருக்கு இது சுலபமான விமானம். ஒற்றை இயந்திரம், ஒற்றை இருக்கை, ஏறக்குறைய ஒரே நிறம். இரண்டு மூன்று நிறத் திட்டுகள் உள்ள விமானத்தில் தொடங்கி, பாதியில் பெட்டியை மூடி வைத்தவர்கள் பலர்.

அப்போ ஹேர்மிஸை மூழ்கடித்தது சீரோவா?

இல்லை. இதை வடிவாகத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஹேர்மிஸ் மேல் குண்டு போட்டவை ஐச்சி டி3ஏ என்ற குத்துப்பாய்ச்சல் குண்டுவீச்சு விமானங்கள். நேச நாட்டார் அதை ‘வால்’ என்று அழைத்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட வால்கள் அனுப்பப்பட்டன, அவற்றுக்குக் காவலாகச் சில சீரோக்கள் கூட வந்தன. ஹேர்மிஸில் அன்று ஒரு விமானமும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் திருகோணமலையில் கரையில் நின்றன. உதவிக்குக் கேட்ட ஃபுல்மார் போர் விமானங்கள் ரத்மலானையில் இருந்து வந்து சேர்ந்தபோது கப்பல் போய்விட்டது. கப்பலில் இருந்த 307 பேர் இறந்தார்கள், கப்டன் றிச்சர்ட் ஒன்ஸ்லோவும் அவர்களில் ஒருவர். அருகில் இருந்த வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் சுமார் 600 பேரைத் தண்ணீரில் இருந்து எடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனது.

குண்டு போட்ட விமானத்தையே செய்யவேண்டும் என்றால் ‘வால்’ விமானத்தின் கிட் (ஒட்டிச் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்குங்கள். அதன் சக்கரங்கள் மடங்காமல் உறையோடு கீழே நிற்கும், பார்த்தவுடனேயே அடையாளம் தெரியும்.

எந்த அளவில் வாங்குவது? 1/72ஆ, 1/48ஆ?

உண்மையான சீரோவின் இறக்கை நுனிக்கு நுனி 12 மீற்றர். 1/72இல் அது பதினாறரை சென்ரிமீற்றரை ஒட்டி வரும், 1/48இல் 25 சென்ரிமீற்றர், 1/32இல் முப்பத்தேழரை. முதல் தடவை என்றால் 1/72 போதும். விலை குறைவு, பெயின்ட் கொஞ்சம்தான் முடியும், மேசையில் ஒரு மூலையே காணும். கண்பார்வை கொஞ்சம் மங்கியவர்களும், விமானி அறைக்குள் மினக்கெட ஆசைப்படுகிறவர்களும் 1/48 எடுக்கலாம். 1/32 பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம்.

எந்தக் கம்பனியின் கிட் நல்லது? எங்கே கிடைக்கும்?

1/72இல் தமியாவும் ஏர்ஃபிக்ஸும் இரண்டுமே நல்லவை. தமியா கிட்டில் பாகங்கள் இடைவெளி இல்லாமல் பொருந்தும். ஏர்ஃபிக்ஸ் மலிவு, கொஞ்சம் கூடுதலாக உரசவேண்டி வரும். 1/48இல் எடுவார்ட் கிட்டில் நுணுக்கம் அபாரம், ஆனால் பாகங்களும் அதிகம். அதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ செய்யுங்கள். ஹசெகாவாவும் நம்பி வாங்கக்கூடிய பெயர்தான்.

மட்டக்களப்பில் விளையாட்டுச் சாமான் கடைகளில் கேட்டுக் காலத்தை வீணாக்க வேண்டாம். கொழும்பில் தேடலாம், அல்லது வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரரிடம் சொல்லி விடலாம். ஒரு 1/72 பெட்டி பயணப் பையில் இடத்தையே பிடிக்காது. தபாலில் எடுப்பது என்றால் சுங்கத் தீர்வையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். முக்கியமான விஷயம்: பசையும் பெயின்டும் தீப்பிடிக்கும் திரவங்கள். அவற்றை விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள், பயணப் பையில் கொண்டுவரவும் விடமாட்டார்கள். கிட்டை வெளியே இருந்து எடுத்தாலும் பசை, பெயின்ட் இரண்டையும் நாட்டுக்குள்ளேயே தேடி வாங்குங்கள். தண்ணீர் கலந்து பூசும் அக்ரிலிக் வகை என்றால் இந்தச் சிக்கல் குறைவு.

கருவிகள் என்னென்ன வேண்டும்?

கூரான சிறிய கத்தி, பாகங்கள் கோர்த்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் இருந்து அவற்றை வெட்டியெடுக்க ஒரு சின்னக் கட்டர், முள்வாங்கி, மூன்று தரத்தில் சாண்ட் பேப்பர் (400, 800, 1200), மாஸ்கிங் ரேப், இரண்டு நல்ல பிரஷ். கட்டர் கிடைக்கும்வரை நகவெட்டி போதும், ஆனால் பாகத்துக்கு மிக அருகில் வைத்து வெட்டாதீர்கள். கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். பேன்சிக் கடையில் நகம் மினுக்க விற்கும் நான்கு பக்கப் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இறக்கை விளிம்பை மினுக்க அதைவிட நல்ல சாமான் இல்லை.

பெட்டியைத் திறந்தாச்சு. முதலில் என்ன செய்வது?

சட்டங்களைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சில் இருந்து கழற்றுவதற்குப் பூசிய எண்ணெய் பாகங்களில் இருக்கும், அது இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

பிறகு செய்முறைத் தாளை முழுக்கப் படியுங்கள். எதை ஒட்டமுதல் எதற்குப் பெயின்ட் அடிக்கவேண்டும் என்று தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். விமானி அறையும், இயந்திரமும், சக்கரங்கள் மடங்கும் குழிகளும் உடலை மூடமுன் முடியவேண்டியவை. விமானி அறைக்கு ஜப்பானியக் கடற்படையின் உட்புறப் பச்சை, தமியா பெயின்டில் எக்ஸ்எஃப்-71 என்ற இலக்கம். அது காய்ந்தபின் கறுப்புக் கலந்த மண்ணிறத்தை நன்றாகத் தண்ணீராக்கி மேலே ஓடவிட்டால் மூலைகளில் தங்கி ஆழம் காட்டும். 1/72இல் இதற்கு மேல் மினக்கெட வேண்டாம், கண்ணாடி மூடியை ஒட்டினபின் பாதி தெரியாது.

எதை ஒட்டமுன்னும் பசை இல்லாமல் பொருத்திப் பாருங்கள். சீரோவில் முக்கியமாகப் பார்க்கவேண்டிய இடம் இறக்கை உடலோடு சேரும் மூலை. உண்மை விமானத்தில் இறக்கையும் உடலின் முன்பகுதியும் ஒரே துண்டாகக் கட்டப்பட்டவை, அதனால் அங்கே பெரிய பிளவு இருக்கக்கூடாது. மாதிரியில் பிளவு வந்தால் உடலின் இரு பாதிகளுக்கும் உள்ளே, குறுக்காகச் சட்டத் துண்டு ஒன்றை வைத்து மெல்ல அகட்டுங்கள். உடல் விரிய, இடைவெளி தானாக மூடும். நிரப்புப் பசை போட்டு உரசினால் பக்கத்தில் உள்ள தகட்டுக் கோடுகளும் சேர்ந்து அழிந்துபோகும்.

எந்தப் பசை? சூப்பர் க்ளூ காணாதா?

உடலுக்கும் இறக்கைக்கும் பிளாஸ்டிக் மாதிரிக்கென்று விற்கும் மெல்லிய சிமெந்துதான். அது இரு பக்கப் பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒன்றாக்கும். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிரஷ் நுனியால் பொருத்துக் கோட்டில் தொட்டால் தானே ஓடி உள்ளே இறங்கும். சூப்பர் க்ளூ உலோகப் பாகங்களுக்கு. எங்கள் ஈரக் காற்றில் அது இன்னும் வேகமாக இறுகும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் தராது. கண்ணாடிப் பாகங்களுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெண்மையாக மங்கும். கண்ணாடி மூடிக்குப் புத்தகக் கடையில் பைண்டர் கம் என்று விற்கும் வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், பிசகினால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

சின்னப் பிளவுகளை நிரப்ப, மிஞ்சிய சட்டத் துண்டுகளைச் சிறு போத்தலில் போட்டுச் சிமெந்து ஊற்றி ஓர் இரவு விடுங்கள். கூழாகிவிடும். அதே பிளாஸ்டிக் என்பதால் காய்ந்தபின் உரசச் சுகமாக இருக்கும்.

ஹாட்வெயார் கடைத் தின்னரைப் பிளாஸ்டிக்கில் படவிடாதீர்கள், உருக்கிவிடும்.

சீரோ வெள்ளையா, சாம்பலா, பச்சையா? ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நிறமாக இருக்கிறதே?

மாதிரி செய்கிறவர்கள் காலம் காலமாக வாதாடும் கேள்வி இது. நான் இதில் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அடர்ந்த பச்சை மேல்பூச்சு பிந்தி வந்தது. 1942 ஏப்ரலில் விமானந்தாங்கிக் கப்பல்களில் நின்ற சீரோக்கள் மேலும் கீழும் ஒரே நிறம்தான். சாம்பல், ஆனால் வெறும் சாம்பல் இல்லை, அதற்குள் பச்சையும் மண்ணிறமும் கொஞ்சம் கலந்திருக்கும். வெயிலில் நாள்பட நின்றால் மேலே சுண்ணாம்பு படிந்ததுபோல வெளிறி, வெறும் வெளிர்சாம்பலாகத் தெரியும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தவர்கள் வெள்ளை என்று நினைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தூய வெளிர்சாம்பல் அடித்த சீரோ எனக்குக் கண்ணில் பிழையாகவே தெரிகிறது. தமியாவின் எக்ஸ்எஃப்-76 எடுத்து, 1/72 என்றால் அதில் கொஞ்சம் வெள்ளை கலந்து இளக்குங்கள். சின்ன மாதிரியில் நிறம் அதே கடுமையோடு நின்றால் கனத்துப் போகும்.

இயந்திர உறை நீலம் கலந்த கறுப்பு. கறுப்பில் இரண்டு துளி நீலம் விட்டால் வரும் வித்தியாசத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். இறக்கையின் பின்விளிம்புத் தட்டுகளும் வாலின் அசையும் பாகங்களும் துணி போர்த்தியவை, அவற்றுக்கு அதே நிறத்தை ஒரு மட்டம் மாற்றி அடித்தால் உயிர் வரும். சுழலியின் முன்பக்கம் பளபளக்கும் உலோகம், நுனிக்கு அருகில் இரண்டு மெல்லிய சிவப்புக் கோடுகள். பின்பக்கம் செம்மண்ணிறம், விமானியின் கண் கூசாமல் இருக்க.

ஏர்பிரஷ் இல்லாமல் பிரஷால் அடிக்க முடியுமா?

தாராளமாக. ஒரே நிற விமானம் என்பதால் இன்னும் வசதி. பெயின்டைப் பால் பதத்துக்கு இளக்கி, மூன்று நான்கு தடவை மெல்லியதாகப் பூசுங்கள். முதல் பூச்சு அலங்கோலமாக, திட்டுத் திட்டாக இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து தடிப்பாக அப்பாதீர்கள். ஒரு பூச்சு இடமிருந்து வலம், அடுத்தது மேலிருந்து கீழ். ஒவ்வொன்றும் முழுக்கக் காயவேண்டும். சித்திரப் பாடத்துக்கு வாங்கும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் சரியாகப் பிடிக்காது, நகத்தால் சுரண்டினாலே வரும்.

மாரி காலத்தில் பெயின்ட் வெள்ளை பூத்துப்போகிறது. ஏன்?

காற்றில் உள்ள ஈரம். லாக்கர் வகைப் பெயின்டும் வார்னிஷும் காயும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அங்கே படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. கார்த்திகை, மார்கழியில் மழை விடாமல் பெய்யும் நாட்களில் ஸ்பிரே போத்தலைத் தொடவே வேண்டாம். அந்த மாதங்களை விமானி அறை, இயந்திரம், உரசல் வேலைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, வெளிப்பூச்சை மாசிக்குப் பிறகு அடியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிரச்சினை எதிர்ப்பக்கமாக வரும். பெயின்ட் பிரஷிலேயே காயும், தூசியும் மணலும் பறந்து ஈரப் பூச்சில் ஒட்டும். அப்போது காலை வெள்ளன, காற்றுக் கிளம்பமுன் வேலையை முடித்து, பாகத்தின் மேல் ஒரு ஐஸ்கிரீம் பெட்டியைக் கவிழ்த்துவிடுங்கள்.

எந்தக் காலமாக இருந்தாலும் ஸ்பிரே அடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கவேண்டும், முகக்கவசம் போடவேண்டும்.

எந்தக் கப்பலின் அடையாளத்தைப் போடுவது?

இலங்கைக்கு வந்தவை ஐந்து விமானந்தாங்கிகள்: அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, ஸுயிகாகு. எந்தக் கப்பலின் விமானம் என்பதை உடலின் பின்பக்கம் சுற்றிவரும் பட்டை காட்டும். அகாகிக்கு ஒரு சிவப்புப் பட்டை, சோர்யுவுக்கு ஒரு நீலம், ஹிர்யுவுக்கு இரண்டு நீலம், ஷோகாகுவுக்கு ஒரு வெள்ளை, ஸுயிகாகுவுக்கு இரண்டு வெள்ளை.

இரண்டு சிவப்புப் பட்டை காகா என்ற கப்பலுடையது. அது பேர்ல் துறைமுகத் தாக்குதலில் இருந்தது, ஆனால் இலங்கைக்கு வரவில்லை, திருத்தவேலைக்காக ஜப்பானுக்குத் திரும்பியிருந்தது. ஆகவே உங்கள் மாதிரி 1942 ஏப்ரல் 9ஐக் காட்டவேண்டும் என்றால் இரண்டு சிவப்புப் பட்டையை ஒட்டாதீர்கள். கிட்களில் பெரும்பாலும் வருவது பேர்ல் துறைமுக அடையாளங்கள், அகாகியின் ஏஐ-155 அடிக்கடி இருக்கும். ஜப்பானின் அடையாளமான சிவப்பு வட்டங்களைச் சுற்றி வெள்ளை வளையம் இந்தக் காலச் சாம்பல் சீரோவில் இல்லை.

வயிற்றின் கீழ் 330 லீற்றர் கூடுதல் எரிபொருள் தாங்கியையும் மாட்டுங்கள். கடலில் தூரத்தில் நிற்கும் கப்பலில் இருந்து வந்து திரும்பியவை அவை. கப்பல் மேடையில் நிற்பதாகக் காட்டுவது என்றால் இறக்கை நுனிகளை மடித்தும் வைக்கலாம். கப்பலின் லிஃப்டுக்குள் அடங்குவதற்காக ஒவ்வொரு பக்கமும் அரை மீற்றர் மேலே மடங்கும், 1/72இல் அது ஏழு மில்லிமீற்றர்.

டீகால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படம்) மஞ்சளாகிவிட்டது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.

மஞ்சளுக்கு: டீகால் தாளைச் சிப் பையில் போட்டு, ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் வெயில் படும்படி சில நாட்கள் ஒட்டிவையுங்கள். வெளுத்துவிடும். ஒட்டிக்கொள்வதற்கு வழி வருமுன் காப்பதுதான். கிட் வாங்கிய அன்றே டீகாலை எடுத்து, காற்றுப்போகாத பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

ஒட்டமுன் மாதிரிக்குப் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். சொரசொரப்பான பெயின்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாகத் தெரியும். ஊறவைக்கக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கடற்கரைப் பக்கக் கிணறுகளில் உப்பு இருக்கும், காய்ந்தபின் வெள்ளைக் கறை விடும். குடிக்க வாங்கும் போத்தல் தண்ணீர் எடுங்கள்.

துருவும் கறையும் போட்டுப் பழசாக்கலாமா?

கொஞ்சமாக. பெயின்ட் உரிந்து அலுமினியம் பளிச்சென்று தெரிகிற சீரோ படங்கள் பெரும்பாலும் போரின் பிற்காலத்தில், தீவுகளில் நின்ற பச்சை விமானங்களுடையவை. 1942இன் தொடக்கத்தில் கப்பல்களில் நின்றவை திறமான ஆட்களால் பராமரிக்கப்பட்டவை, பூச்சும் கெட்டியானது. தகட்டுக் கோடுகளில் மெல்லிய சாம்பல், வயிற்றில் கொஞ்சம் எண்ணெய்க் கறை, புகைக்குழாய்க்குப் பின்னால் லேசான கரி. துப்புரவான சீரோதான் அந்த வாரத்துக்குப் பொருத்தமான சீரோ.

வானொலிக் கம்பிக்கு எது?

சட்டத் துண்டு ஒன்றை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே உருட்டி, இளகியதும் சுடரை விட்டு எடுத்து மெதுவாக இழுத்தால் தலைமயிரை விட மெல்லிய இழை வரும். கண்ணாடி மூடிக்குப் பின்னால் நிற்கும் கம்பத்தில் இருந்து வால் நுனிவரை ஒட்டுங்கள். இது கடைசி வேலையாக இருக்கட்டும்.

போரைப் பார்த்த ஊரில் போர் விமானத்தைச் செய்து வைப்பது சரியா?

இதைக் கேட்கிறவர்கள் அதிகமும் தாய்மார்கள். நியாயமான கேள்வி. வானத்தில் சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்.

என் எண்ணம்: செய்யலாம், ஆனால் அது என்ன செய்தது என்பதைத் தெரிந்து செய்யவேண்டும். சீரோவின் பின்னால் ஜிரோ ஹொரிகோஷி என்ற பொறியியலாளரின் அற்புதமான மூளை இருக்கிறது. பாரம் குறையவேண்டும் என்று ஒவ்வொரு கிராமையும் எண்ணி வடிவமைத்தார். அந்தப் பாரக் குறைப்பில் விமானிக்கான கவசமும், எரிபொருள் தாங்கிக்கான பாதுகாப்பும் விடப்பட்டதால் ஜப்பானிய இளைஞர்கள் எரிந்து செத்தார்கள். அதன் காவலோடு வந்த விமானங்கள் எங்கள் கண்ணுக்கெட்டிய கடலில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றன. பிள்ளை விமானத்தைக் கையில் எடுக்கும்போது இவை அத்தனையையும் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டில் உள்ள அம்மம்மாவோ அப்பப்பாவோ விமானம் பார்க்க விரும்பாவிட்டால், அதை முன் விறாந்தையில் கூரையில் தொங்கவிடாதீர்கள். அவரிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் இடத்தில் வையுங்கள்.

எத்தனை வயதில் தொடங்கலாம்?

பத்து வயதுப் பிள்ளை பெரியவர் ஒருவரோடு இருந்து செய்யலாம். கத்தியும் சிமெந்தும் பெரியவர் கையில்.

முடித்ததை எங்கே வைப்பது?

கண்ணாடிப் பெட்டிக்குள், நேர் வெயில் படாத இடத்தில். கடற்கரை வீடுகளில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ஒரு பிசுக்காகப் படியும், துடைக்கப்போனால் கம்பியும் கம்பமும் முறியும். மூடிய வாகனத்துக்குள் பகலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், இறக்கை வளைந்துவிடும்.

இது முடிந்தால் அடுத்தது என்ன?

ஃபெயரி ஃபுல்மார். அதுவும் கப்பலில் இருந்து பறக்கச் செய்த போர் விமானம்தான், பிரிட்டிஷ் கடற்படையுடையது. இரண்டு இருக்கை, எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், சீரோவை விட வேகம் குறைவு. அன்று ஹேர்மிஸுக்கு உதவப் பறந்து வந்தவை இவை. 1/72இல் ஸ்பெஷல் ஹொபியும் 1/48இல் ட்ரம்பெட்டரும் கிட் வெளியிட்டிருக்கிறார்கள். பொருத்தம் தமியா அளவுக்கு இருக்காது, ஆகவே சீரோவுக்குப் பிறகு எடுங்கள். கப்பலையே செய்ய ஆசை என்றால் ஆஓஷிமாவின் 1/700 ஹேர்மிஸ் இருக்கிறது, 26 சென்ரிமீற்றர் நீளம். அதன் மேடையில் விமானங்களை ஒட்டாமல் வெறுமையாக விடுங்கள், ஏப்ரல் 9 காலையில் அப்படித்தான் இருந்தது.